கோயில் ஸ்டோர் ரூமில் கிடைத்த கொலைச் சிந்து

இது கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் பொறுமையா படிங்க. பாதியில் நிறுத்திடாதீங்க, ஏன்னா சொல்ல வந்த முக்கியமான விஷயம் கடைசியில்தான் இருக்கு.

கும்பாபிஷேகத் திருப்பணிக்காக எங்கள் கோயில் ஸ்டோர் ரூமை ஒழித்துக்கொண்டிருந்தோம். ஜொகூர் பாரு வட்டாரத்தில் தோட்டத்துக் கோயிலாக ஆரம்பித்து, தோட்டம் போய் தாமான் வந்த பிறகும் நிலைத்து நிற்கும் கோயில்களில் எங்களுடையதும் ஒன்று. அதனால் அந்த அறையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று யாருக்கும் தெரியாது. பழைய காவடிக் கட்டை, ஓட்டை விழுந்த அண்டா, கறுத்துப்போன தூக்கு விளக்கு, எப்போதோ யாரோ உபயம் செய்த சுவர்க் கடிகாரம். அதுக்கெல்லாம் அடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே பழைய பஞ்சாங்கங்கள், கரையான் அரித்த ஒரு கணக்குப் புத்தகம், அதோடு உள்ளங்கை அளவில் ஒரு மெல்லிய புத்தகம்.

மேல் அட்டை இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை. நடுவில் எட்டுப் பக்கம் போல மிச்சம். காகிதம் பழுத்து, தொட்டால் உதிர்ந்துவிடும் போல இருந்தது. பாட்டாக அச்சடித்திருந்தார்கள். சாமிப் பாட்டாக இருக்கும் என்று நினைத்துத் தட்டில் வைத்து, மடப்பள்ளியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெண்டு வரி படித்தார். சட்டென்று மூடிவிட்டார்.

"இது சாமிப் பாட்டு இல்லப்பா. இது கொலைச் சிந்து. யாரையோ வெட்டிட்டாங்க, அதைப் பாடி வச்சிருக்கான். இதைப் போயி ஏன் கோயில்ல வச்சாங்க?"

அந்தக் கேள்விதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. விடை தேடிப் படித்தோம், பெரியவர்களிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் சிந்து என்றால் என்ன? தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் எல்லோருக்கும் அது தெரிந்த ஓசைதான். கால் நடக்க நடக்க, பாட்டும் கூடவே நடக்கிற மாதிரி இருக்கும். கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்தை நாம் இன்றும் பாடுகிறோம். வழிநடைச் சிந்து என்று ஒன்று உண்டு; யாத்திரை போகிறவர்கள் களைப்புத் தெரியாமல் பாடிக்கொண்டு போவது. நொண்டிச் சிந்து என்றும் ஒன்று உண்டு. ஒரு திருடன் குதிரை திருடப் போய்ப் பிடிபட்டு, தண்டனையாகக் கை கால் வெட்டப்பட்டு, கடைசியில் தெய்வத்தை வேண்டி நலம் பெறும் கதையை அந்த ஓசையில் நாடகமாகப் பாடினார்கள். திருச்செந்தூர் நொண்டி நாடகம் அப்படிப்பட்டதுதான். ஆக, குற்றமும் தண்டனையும் கோயில் வாசலுக்குப் புதுசு இல்லை. சாமி கும்பிடுகிற இடத்திலேயே குற்றக் கதையையும் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நம் ஆட்கள்.

அந்தச் சிந்து ஓசையைத்தான் பின்னாளில் கொலைச் செய்தி பாடுகிறவர்களும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோர் காதுக்கும் பழகிய மெட்டு. ஒரு தடவை கேட்டால் மனசில் ஒட்டிக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாங்கிக்கொண்டு போய், தெரிந்தவரைப் பாடச் சொல்லிக் கேட்கலாம்.

இது எப்படி ஆரம்பித்தது என்று பார்த்தால் அச்சு இயந்திரத்திடம் போக வேண்டும். 1835இல்தான் இந்தியாவில் அச்சகம் நடத்த இருந்த கெடுபிடிகள் சட்டப்படி தளர்ந்தன. அதற்குப் பிறகு நம் ஆட்களும் தாராளமாக அச்சகம் வைத்தார்கள். ஒரு பக்கம் புலவர்கள் பழைய ஏடுகளைத் தேடி அச்சில் ஏற்றினார்கள். இன்னொரு பக்கம் சாதாரண ஜனங்களுக்காக மலிவான பாட்டுப் புத்தகங்கள் வந்தன. சென்னையில் குஜிலிக் கடை என்று சாயங்கால நேரத்தில் கூடும் ஒரு கடைத்தெரு இருந்தது. இந்த மாதிரிப் புத்தகங்கள் அங்கே நிறைய விற்றதால் குஜிலிப் பாட்டு, குஜிலிப் புத்தகம் என்ற பெயரே வந்துவிட்டது. வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றைத் தேடிப் படித்து 'முச்சந்தி இலக்கியம்' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். முச்சந்தி என்ற சொல் பொருத்தமானது. ஏனென்றால் இவை விற்றது முச்சந்தியில்தான்.

விலை காலணா, அரையணா, மிஞ்சிப்போனால் ஓரணா. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம். மட்டமான காகிதம். மேலே ஒரு மரக்கட்டைப் படம் இருந்தாலும் இருக்கும். விற்கிறவரேதான் பாடுகிறவரும். சந்தை, ரயில் நிலையம், கோயில் திருவிழா என்று கூட்டம் சேரும் இடமாகப் பார்த்து நிற்பார். கையில் ஒரு டேப். ராகம் போட்டுப் பாட ஆரம்பிப்பார். கொலைகாரன் கத்தியை எடுக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். மிச்சம் வேண்டுமென்றால் காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டும். நல்ல வியாபாரம்!

புத்தகத்தின் அமைப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முதலில் விநாயகர் காப்பு. ஆமாம், கொலைப் பாட்டுக்கும் பிள்ளையார் சுழிதான். அப்புறம் எந்த ஊர், எந்த வருஷம், எந்தக் குடும்பம். அதன்பின் நடந்த கொடூரம், போலீஸ், கோர்ட், தண்டனை. கடைசியில் புத்திமதி. பெண்ணே, ஆணே, கூடாநட்பு வேண்டாம், ஆத்திரம் வேண்டாம் என்று முடியும். பக்கத்துக்குப் பக்கம் ரத்தத்தைக் காட்டிவிட்டு, ஒரே ஒரு பக்கத்தில் நீதி சொல்லி முடிப்பார்கள். வாங்கினவருக்கும் நல்லதைத்தான் படித்தோம் என்று ஒரு திருப்தி.

நம் ஆட்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் நமக்கு முன்பே இது பெரிய தொழில். அங்கே ஒரு பென்னி, அரைப் பென்னிக்கு ஒற்றைத் தாளில் அச்சடித்துத் தெருவில் பாடி விற்றார்கள். தூக்குமேடைக்குக் கீழேயே விற்பார்கள். தூக்கில் தொங்கப் போகிறவரின் 'கடைசி வாக்குமூலம்' என்று போட்டிருக்கும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அது அச்சாகி விற்பனைக்கு வந்திருக்கும் என்பதுதான் வேடிக்கை. 1849இல் லண்டனில் மேன்னிங் என்ற கணவன் மனைவியைக் கொலைக் குற்றத்துக்காகச் சேர்த்துத் தூக்கிலிட்டார்கள். அவர்களைப் பற்றிய தாள்கள் 25 லட்சம் விற்றதாக அந்தக் காலத்திலேயே கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தூக்கை நேரில் பார்த்த எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், கூட்டம் சிரித்துக் கும்மாளமிட்டதைக் கண்டு மனம் நொந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவரை வருத்தியது கூட்டத்தின் அந்தச் சந்தோஷம்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

சரி, ஊரில் விற்ற புத்தகம் ஜொகூருக்கு எப்படி வந்தது? நம் தாத்தா பாட்டி வந்த அதே வழியில்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று இறங்கினார்கள். ரஜுலா கப்பல் என்று சொன்னால் இன்றும் பெரியவர்கள் முகம் மாறும். தகரப் பெட்டியில் ரெண்டு வேட்டி, ஒரு சேலை, ஊர் மண்ணோடு குலசாமி விபூதி. அதோடு பெரிய எழுத்து நல்லதங்காள் கதை மாதிரி ஏதாவது ஒரு புத்தகம். சிங்கப்பூரிலும் தமிழ் அச்சகங்கள் சீக்கிரமே வந்துவிட்டன. 1887இல் 'சிங்கை நேசன்' என்ற வாரப் பத்திரிகை அங்கே வந்தது. 1893இல் சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தைப் பற்றி ஒரு லாவணிப் புத்தகமே அச்சாகியிருக்கிறது. 1924இல் ஜொகூர் பாலம் திறந்த பிறகு அக்கரைக்கும் இக்கரைக்கும் போக்குவரத்து சுலபமாகிவிட்டது. சிங்கப்பூரில் கிடைத்த புத்தகம் ஜொகூர் தோட்டத்து லயத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

பெரியம்மா சொன்னதைக் கேளுங்கள். "எங்க லயத்துல ஒரு தாத்தா இருந்தாரு. அவருக்கு மட்டும்தான் படிக்கத் தெரியும். சாயங்காலம் பால் வேலை எல்லாம் முடிஞ்சு, குளிச்சு, சாப்பிட்டு எல்லாரும் வாசல்ல உக்காருவோம். மண்ணெண்ணெய் விளக்கு. அவரு பாடுவாரு. ஒருநாள் நல்லதங்காள், ஒருநாள் மதுரைவீரன், ஒருநாள் இந்த மாதிரி கொலைப் பாட்டு. எங்க அம்மா மூணுக்கும் ஒரே மாதிரிதான் அழும். பாட்டு முடிஞ்சதும் செத்தவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் எந்திரிக்கும்."

இதைக் கேட்டதும்தான் அந்தப் புத்தகம் ஏன் கோயில் பெட்டிக்குள் வந்தது என்பதற்கு எங்களுக்கு ஒரு விடை கிடைத்தது. உறுதியான விடை என்று சொல்ல மாட்டோம், எங்கள் மனசுக்குப் பட்டது. அதுக்கு நம் சாமிகளைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நல்லதங்காள் யார்? கதைப்பாடல் சொல்வது இது. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள். பஞ்சம் வந்து ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்டுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்து சாகிறாள். இன்றைக்கு இது நடந்தால் நாளிதழில் எந்தப் பக்கத்தில், என்ன தலைப்பில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அவளுக்கு வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயில் இருக்கிறது. அவளைக் கும்பிடுகிறார்கள்.

முத்துப்பட்டன் யார்? உயர்ந்ததாகச் சொல்லப்பட்ட சாதியில் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டவர். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுக் கொலையானவர். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறார். அவருக்குப் பக்தர்கள் செருப்புக் காணிக்கை கொடுக்கிறார்கள். பேராசிரியர் நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார்.

அடுத்து நம் மதுரைவீரன் சாமி. மலேசியாவில் தோட்டத்துக் கோயில் என்றால் அம்மனுக்குப் பக்கத்தில் அவர் இல்லாமல் இருக்க மாட்டார். கதைப்பாட்டின்படி மதுரையில் கள்ளர் தொல்லையை அடக்கியவரே அவர்தான். அவரையே ஓர் இரவில் திருடன் என்று சந்தேகப்பட்டு, சரியாக விசாரிக்காமல், மாறுகால் மாறுகை வாங்கிவிட்டார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் அவருக்குச் சன்னிதி இருக்கிறது. நாம் வருஷா வருஷம் சுருட்டும் படையலும் வைத்துக் கும்பிடுகிறோம்.

இந்த மூன்று பேருடைய கதையும் ஒரு சாவுச் செய்தியில்தான் தொடங்குகிறது. அநியாயமாகச் செத்தவரை ஜனங்கள் மறக்க மறுத்தார்கள். பாடினார்கள், அழுதார்கள், கல் நட்டார்கள், விளக்கு வைத்தார்கள். லயத்து வாசலில் அந்த அம்மா போட்ட கும்பிடும் அதே வகைதான். அவருக்குக் கொலைச் சிந்தும் சாமிக் கதையும் வேறுவேறாகத் தெரியவில்லை. அப்படி ஒருவர்தான் இந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போட மனசு வராமல் கோயில் பெட்டியில் வைத்திருப்பார் என்று நினைக்கிறோம்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். இந்த மாதிரி அச்சுச் சரக்குக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைச் சொல்கிறோம்: எம். கே. தியாகராஜ பாகவதர். இன்றும் நம் கோயில்களில் காலையில் அவர் பாட்டு ஒலிக்கிறது.

1940களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்று ஒருவர் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தினார். சினிமாக்காரர்கள், பெரிய மனிதர்கள் வீட்டு அந்தரங்கம் என்று சொல்லிக் கண்டதையும் எழுதுவார். ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். திட்டிக்கொண்டே வாங்கினார்கள் என்பதுதான் உண்மை. 1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடுத்து பாகவதரையும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனையும் கைது செய்தார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்தத் தீபாவளிக்குத்தான் வெளியாகி ஓடிக்கொண்டிருந்தது. 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றவாளிகள் அல்ல என்று விடுதலையானார்கள்.

விடுதலை கிடைத்தது, பழைய வாழ்க்கை கிடைக்கவில்லை. மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' நாயகனுக்கு வெளியே வந்தபின் எந்தப் படமும் அப்படி ஓடவில்லை. 1959இல் காலமானார். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. லட்சுமிகாந்தனும் அப்படிச் சாகவேண்டியவர் அல்ல, அவரும் கொலையானவர்தான். ஆனால் அந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது இன்றும்கூட 'நெருப்பில்லாமல் புகையுமா' என்று சிலர் கேட்பார்கள். கோர்ட் விடுவித்த மனிதரை ஊர் வாய் விடவில்லை.

எட்டு வருஷம் கழித்து இன்னொன்று. 1952 ஆகஸ்டு மாதக் கடைசியில் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயில் ரயிலில், மானாமதுரையில், ஒரு டிரங்குப் பெட்டியில் தலையில்லாத உடல் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. விவரம் வேண்டாம், வேண்டிய அளவுக்கு எல்லோரும் எழுதிவிட்டார்கள். கணவன் மனைவி இருவர் மீது வழக்கு. 1953 ஆகஸ்டில் தீர்ப்பு. நீதிபதி பஞ்சாபகேச ஐயர் எல்லாவற்றையும் எடைபோட்டு, கணவருக்கு ஏழு வருஷம், மனைவிக்கு மூன்று வருஷம் என்று தண்டித்தார். கோர்ட் நிதானமாகத்தான் நடந்துகொண்டது. தெருவுக்கு அந்த நிதானம் கிடையாது. கொலை என்றதும் அதில் ஒரு பெண் இருந்தால் அவள் எப்படிப்பட்டவள் என்பதுதான் முதல் கேள்வி. கொலைச் சிந்துகளிலும் இதைப் பார்க்கலாம். கத்தி யார் கையில் இருந்தாலும் புத்திமதி முழுக்கப் பெண்களுக்குத்தான்.

அந்தச் சமயத்தில் கொலைச் சிந்தின் காலம் மங்க ஆரம்பித்துவிட்டது. 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் ஆரம்பித்த தினத்தந்தி, எளிய தமிழில், பெரிய எழுத்தில், கொலை வழக்குச் செய்திகளைத் தினமும் டீக்கடைக்கே கொண்டு வந்துவிட்டது. இங்கே நமக்குத் தமிழ் நேசனும் தமிழ் முரசும் இருந்தன. சினிமா வந்தது, ரேடியோ வந்தது. டேப் அடித்துப் பாடியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனார்கள்.

போய்விட்டார்கள் என்றுதான் நாங்களும் நினைத்தோம். இப்போது கடைசி விஷயத்துக்கு வருகிறோம். சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் பக்கத்து வட்டாரத்தில் ஒரு கொலை நடந்தது. ஊர், பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. அன்று ராத்திரி எங்கள் தொண்டர்கள் புலனக் குழுவில் ஒரு தகவல் வந்தது. ஒரு படம், ஒரு குரல் பதிவு. 'இந்தப் பெண்ணால்தான் நடந்தது, எல்லோருக்கும் அனுப்புங்கள், நம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும்' என்று ஒரு குரல். எங்களில் ஒருவர் கோயில் பக்தர்கள் குழுவுக்கு அதை அனுப்பினார். இன்னொருவர் தன் குடும்பக் குழுவுக்கு. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. 'அடப்பாவமே' என்று நாலு பேர், கோபப்படும் முகம் போட்டு ஏழெட்டுப் பேர். நாங்கள் யாருமே அந்தப் பெண் யார் என்று கேட்கவில்லை.

படத்தில் இருந்த பெண் வேறு ஒருவர். பெயர் மட்டும் ஒன்று. அவருடைய அம்மா எங்கள் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மாலை கட்டிக் கொடுப்பவர்.

அந்தப் பெண் தினமும் விடியற்காலை நாலரை மணிக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் ஆட்கள் போனைப் பார்த்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் பக்கத்தில் உட்காரவில்லை. ரெண்டு நாள் கழித்துத்தான் தகவல் தவறு என்று தெரிந்தது. 'மன்னிக்கவும், தவறான செய்தி' என்று குழுவில் ஒரு வரி போட்டோம். முதல் செய்தி போன இடங்களுக்கெல்லாம் அந்த ஒரு வரி போய்ச் சேரவில்லை. அதை அனுப்ப யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

மூன்று வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கடையில் வாங்கிய மாலைதான். நாலாவது வாரம் எங்களில் மூன்று பேர் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா திட்டவில்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இருபது வருஷமா என் கையால மாலை வாங்குறீங்களே, ஒரு போன் பண்ணி கேக்கணும்னு தோணலையா தம்பி?"

பதில் சொல்ல முடியவில்லை. சட்டத்தில் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, இணையத்தில் பொய்யைப் பரப்பினால் தண்டனை உண்டு என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டோம். ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி சட்டக் கேள்வி இல்லை. விசாரிக்காமல் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு வருஷா வருஷம் படையல் போடுகிற கோயில் எங்களுடையது. அவர் சன்னிதிக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்துதான் அதை அனுப்பினோம்.

ஸ்டோர் ரூமில் அந்தப் புத்தகம் கிடைத்தபோது எங்களுக்கு இதுதான் ஞாபகம் வந்தது. காலணாவுக்கு விற்றதை இப்போது காசில்லாமல் அனுப்புகிறோம். தலையில் 'ஓம் சக்தி' போட்டு, கடைசியில் புத்திமதி சொல்லி, நடுவில் ரத்தம். டிக்கன்ஸ் பார்த்த கூட்டத்தில் நாமும் நின்றிருக்கிறோம். டேப் அடித்துப் பாடியவருக்காவது அது வயிற்றுப்பாடு. நமக்கு என்ன கிடைத்தது?

ஆனால் அதே புத்தகத்தைக் கேட்டுத்தான் லயத்து வாசலில் ஓர் அம்மா செத்தவருக்குக் கும்பிடு போட்டார். ஒரே பாட்டு. கேட்டவர் மனசைப் பொறுத்து ஒன்று வம்பாகிறது, இன்னொன்று வேண்டுதலாகிறது.

இப்போது எங்கள் தொண்டர் குழுவில் சில பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். கொலை, விபத்து, தற்கொலை என்று எது வந்தாலும் படம் அனுப்புவதில்லை. செய்தி உண்மையா என்று தெரியும்வரை எதுவும் அனுப்புவதில்லை. உண்மை என்று தெரிந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு நம்மால் ஏதாவது செய்ய முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்கிறோம்: சாப்பாடா, சவ அடக்கச் செலவா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதா. ஒன்றும் முடியாவிட்டால் அமாவாசை அன்று அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு விளக்கு. பெயர் மட்டும்தான், கதை கிடையாது.

மாலை கட்டும் அம்மா திரும்ப வருகிறார். மகள் இன்னும் வரவில்லை. வற்புறுத்தவும் எங்களுக்கு உரிமையில்லை.

அந்தப் புத்தகத்தை என்ன செய்வது என்று பேசினோம். குப்பையில் போட மனசு வரவில்லை. காற்றுப் படாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். முன்பக்கமும் பின்பக்கமும் இல்லாததால் கொலையானவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பெரியம்மாவிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேரு தெரியலைன்னா என்ன, ஒரு விளக்கு சேத்து வைங்க" என்றார். போன அமாவாசைக்கு வைத்தோம்.

உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டியின் பழைய பெட்டியில் இப்படிப் புத்தகங்கள் இருக்கலாம். கொலைச் சிந்தோ, கும்மிப் பாட்டோ, பெரிய எழுத்துக் கதையோ, எதுவானாலும் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள், ஆற்றிலும் விடாதீர்கள். கோயிலுக்குக் கொண்டு வாருங்கள், படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். அதைப் பாடிக் கேட்ட பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடப்பள்ளியில்தான் இருப்போம். பசியாறிவிட்டுப் பேசலாம்.

இந்தப் பதிவைப் பகிர்வதானால் பகிருங்கள். அடுத்த தடவை ஒரு படம் உங்கள் போனுக்கு வரும்போது, அனுப்புவதற்கு முன் ஒரு போன் பண்ணிக் கேளுங்கள். அந்த அம்மாவுக்காகக் கேட்டுக்கொள்கிறோம்.

எல்லோருக்கும் அம்மன் துணை.

கோயில் தொண்டர்கள்